கறுப்பு வண்டியும் சிவப்பு வண்டியும்

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம், என் கணவர் மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டார். அவர் ஆசைப்பட்டார் என்று சொல்லிச் சொல்லி அதுவே வழக்கமாகிவிட்டது. உண்மையில் அந்த ஆசையை அவருக்குள் போட்டவள் நான்.

அவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய வில்லிங்டன் தீவில் வேலை. தேயிலை ஏலத்துக்கு வரும் சரக்கை வைக்கிற ஒரு கம்பெனியின் கிடங்கில், பெட்டிகளில் துளையிட்டு மாதிரி எடுத்து, பொட்டலம் கட்டி, நம்பர் போட்டு அனுப்புவார். சாயங்காலம் சைக்கிளில் பாலம் தாண்டி மட்டாஞ்சேரிக்கு வரும்போது காது மடலில்கூடத் தேயிலைத் தூள் இருக்கும். அவர் சட்டையை ஊறவைத்தால் வாளித் தண்ணீர் சாயா நிறத்துக்கு மாறிவிடும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பத்து வருஷமா இதை மோந்துக்கிட்டிருக்கேன். செடியில எப்படி இருக்கும்னு பாத்ததே இல்ல, கேட்டியா."

"மூணாறுக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

"பஸ்ஸில போனா ஜன்னல்ல தெரியிறதுதான் தெரியும்."

"பஸ் எதுக்கு? ஒரு வண்டி வாங்குவோம்."

நான் சும்மாதான் சொன்னேன். அவர் சோற்றுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அது வெளிநாட்டுக்கெல்லாம் கடிதம் போகிற ஆபீஸ். உலகத்தின் பாதித் துறைமுகங்களின் பெயரை என் விரல்கள் அறியும். ஆனால் பாலக்காட்டில் இருக்கும் சித்தி வீட்டைத் தவிர நான் எங்கும் போனதில்லை. அதனால் வண்டி என்று சொன்னபோது எனக்கும் உள்ளே ஏதோ அசைந்தது.

இருவருமாகச் சேர்ந்து கட்டிய சிட்டி, சீட்டுப் பணம், அந்த வருடம் கைக்கு வந்தது. புது வண்டிக்கு அது போதாது. பழைய வண்டிதான். தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பட்டறை இருந்தது. அதன் மேஸ்திரி அவருக்குப் பழக்கம். அங்கே இரண்டு வண்டிகள் விலைக்கு நின்றன.

ஒன்று கறுப்பு. பெரியது, கனமானது, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வைத்திருந்தது. அதைக் கிளப்ப ஒரு பக்குவம் வேண்டும். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரைப் பூப்போல அழுத்தி, பிறகு ஒரே மிதி. கிளம்பிவிட்டால் நிதானமாகத் துடிக்கும்.

மற்றது சிவப்பு. இரண்டு ஸ்ட்ரோக், இரண்டு பக்கமும் சைலன்சர். கியர் போடுகிற லீவரையே மடக்கித் திருப்பினால் அதுதான் கிக்கர். அதன் சொந்தக்காரருக்குக் கல்ஃப் விசா வந்துவிட்டது, சீக்கிரம் கை மாற்ற வேண்டும். அதனால் விலை குறைவு.

மூன்று வாரம் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த சுருக்கெழுத்து நோட்டின் பின்பக்கத்தில் நான் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்தேன். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கணக்கெல்லாம் மலையாளத்தில்தான் எழுத வரும். கறுப்பு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம்.

கறுப்பு லிட்டருக்குக் கூடுதலாக ஓடும். சிவப்புக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், குடிக்கவும் செய்யும். இதைப் பார்த்தால் கறுப்புதான் லாபம். ஆனால் அதன் உதிரிச் சாமான்கள் விலை அதிகம். சிலிண்டருக்குச் சீக்கிரமே போரிங் செய்ய வேண்டிவரும் என்று மேஸ்திரியே சொன்னார். இரண்டு டயரும் தேய்ந்திருந்தன. விலையோ சிவப்பைப்போல ஒன்றரை மடங்கு. அதை வாங்குவதென்றால் என் வளையல் ஒரு ஜோடி அடகுக்குப் போக வேண்டும். "அதுக்கென்ன, ஓணம் போனஸ்ல மீட்டுடலாம்" என்று அவர் சொன்னார். நான் தலையாட்டவில்லை. நாங்கள் வண்டி ஓட்டப்போவது ஞாயிற்றுக்கிழமைகளிலும், வருடத்தில் ஒன்றிரண்டு தூரப் பயணத்திலும்தான். அவ்வளவு ஓட்டத்துக்குப் பெட்ரோலில் மிச்சம் பிடித்து அந்த விலை வித்தியாசத்தை எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஏழு வருஷம் வந்தது. அதோடு இன்ஷூரன்ஸ், டாக்ஸ், மழைக்காலத்து உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற கம்பிகளுக்குக் குரோமியப் பூச்சு. எல்லாம் எழுதினேன். என் கணக்கில் தப்பில்லை. இன்று யாராவது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தாலும் தப்பில்லை என்றுதான் சொல்வார்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுச் சொன்னார்: "சார் கெடக்கட்டே, பெங்ஙளே. பின்னாடி உக்காந்து போறது நீங்களல்லே? ரெண்டுலயும் உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

இரண்டிலும் அவர் பின்னால் உட்கார்ந்து பாலம் வரை போய் வந்தேன். கறுப்பின் சீட்டு அகலம். குழி வந்தபோது அது மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. சிவப்பில் அதே குழி என் இடுப்பு எலும்பில் வந்து இடித்தது.

"எப்படி?" என்றார் அவர்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

சிவப்பை வாங்கினோம்.

வாங்கியபின் வந்த நான்கு மாதம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், அதையும் சொல்ல வேண்டும். அவர் வண்டியை வீட்டு நடையில் ஏற்றி நிறுத்துவார். எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதே ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமை காலை செல்லானம் கடற்கரை, இன்னொரு ஞாயிறு சேர்த்தலை, ஒரு தடவை ஆலப்புழை. நான் புடவை முந்தானையை இடுப்பில் செருகி, தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். சந்துப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றிருந்தேன்.

மழை முடிந்ததும் மூணாறு என்று முடிவாயிற்று. இருவருக்கும் மூன்று நாள் லீவு கிடைத்தது. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு நாள் தள்ளியிருந்தது. பத்து நாள். பிறகு பதினேழு நாள். எனக்கு எப்போதுமே கொஞ்சம் முன்பின் ஆகும், அதனால் நிச்சயமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் காலையில் ஆபீஸுக்கு நடக்கும்போது கிடங்குகளிலிருந்து வரும் சுக்கு வாசனை, பிறந்ததிலிருந்து நான் மூச்சில் இழுத்த வாசனை, அன்று குமட்டியது. அப்போதே தெரிந்துவிட்டது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணம் நின்றுவிடும். மூன்று நாள்தானே, திரும்பி வந்து சொல்லலாம், மூணாறையும் பார்த்தாயிற்று, இந்தச் சந்தோஷமும் ஆயிற்று என்று நினைத்தேன். இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

விடிந்ததும் புறப்பட்டோம். ஆலுவா, பெரும்பாவூர், கோதமங்கலம். கோதமங்கலம் தாண்டியபின் ரோடு குறுகி, குண்டும் குழியுமாக ஆயிற்று. மழை அரித்துப்போட்ட கற்கள். ஒவ்வொரு குழிக்கும் அவர் தலையைத் திருப்பாமலே "பிடிச்சுக்கோ" என்பார். நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெரியாற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"மதியா, போதுமா? இப்படியே திரும்பிடலாமா?"

"எதுக்கு? இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

ஏறிப் போனோம்.

தேயிலையைப் பார்த்தோம். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் மலை முழுவதும் சீப்பால் வாரிவிட்டதுபோல வந்து நின்றது. அவர் வண்டியை நிறுத்தினார். ரோட்டோரச் செடியிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி, விரலில் நசுக்கி மோந்தார். "வாசனையே இல்ல" என்றார். "பச்சை இலைக்கு ஒரு வாசனையும் இல்லடீ." அதற்கு அப்படிச் சிரித்தார். பத்து வருஷம் அவர் மேலிருந்த வாசனை மலையில் இல்லை. நானும் சிரித்தேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மறுநாள் காலை லாட்ஜில் எழுந்தபோது அடிவயிறு பிடித்து இழுத்தது. குளியலறைக்குப் போனேன். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் வெளியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார், மூன்றாவது முறை கதவைத் தட்டினார்.

லாட்ஜைப் பெருக்கித் துடைக்கும் அம்மா ஒருத்தி, எஸ்டேட்டில் வேலை பார்த்து வந்தவள், தமிழ்க்காரி, அவள்தான் ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததுமே தன் பழைய சேலையை மடித்துக் கொடுத்தாள். "வண்டியில வேணாம் தம்பி, ஜீப்பு பிடிங்க" என்று அவரிடம் சொன்னாள். ஜீப் வந்தது. பின்சீட்டில் என்னைப் படுக்கவைத்து, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் ஏறிக்கொண்டாள். அவளுக்கு நான் யார்? பெயர்கூடக் கேட்காமல் மலையிறங்கி வந்தாள்.

வண்டியை அங்கே விட்டுவிட்டு வர வழியில்லை. அவர் ஜீப்புக்குப் பின்னால் வந்தார். ஜீப்பின் பின்பக்கத் திரை காற்றில் தூக்கும்போதெல்லாம் அவரைப் பார்த்தேன். மூடுபனியில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களை விடாமல். நான் உட்காருகிற சீட்டு காலியாக இருந்தது. அதில் எங்கள் பையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஒரு இடத்தில் அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

கோதமங்கலத்தில் ஒரு ஆஸ்பத்திரி. லேடி டாக்டர். எல்லாம் முடிந்தபின் டாக்டர் என் கட்டிலருகே நின்று மலையாளத்தில் சொன்னார், இது வண்டியில் வந்ததால் ஆனதில்லை, தங்காத கர்ப்பம், வீட்டில் படுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று. என் கணவர் தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் போனதும் அவர் என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு நாள் அம்மா வீட்டில் இருந்தேன். பக்கத்துத் தெருதான். அம்மா கஷாயம் கொடுத்தாள், வெந்நீர் ஊற்றினாள், ஒரே ஒரு தடவை மட்டும் "வண்டியில போனியே" என்றாள். அவர் தினமும் சாயங்காலம் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஆரஞ்சு வாங்கி வருவார். உரித்து, நார் எடுத்து, சுளையாகத் தட்டில் வைப்பார்.

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். நடையில் வண்டி நிற்கிற இடத்தில் அவருடைய பழைய சைக்கிள் நின்றது.

"வண்டி?"

"வித்துட்டேன். மேஸ்திரிகிட்டயே குடுத்துட்டேன்."

"எவ்வளவுக்கு?"

சொன்னார். நாங்கள் கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

"என் கணக்குக்கு இன்னும் கூடப் போயிருக்கணும்" என்றேன்.

இதைச் சொன்ன வாய் என் வாய்தான். அவர் அடுப்படிக்குப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். என் மனசில் ஓடியது வேறு. நீ கணக்குப் பார்த்து வாங்கிய வண்டி, இந்தா, இல்லாமல் ஆக்கிவிட்டேன் என்று அவர் சொல்வதாகத்தான் எனக்குப் பட்டது. கறுப்பை வாங்கலாம் என்றவர் அவர். வளையலை அடகு வைக்க மனசில்லாமல் இடுப்பில் இடிக்கிற வண்டியை "ரெண்டும் ஒண்ணுதான்" என்றவள் நான். டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், அவர் மனசுக்குள் அந்தக் கணக்குப் புத்தகம்தான் திறந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

ஆறு வருஷம் கேட்கவில்லை.

வெளியே பார்ப்பவர்களுக்கு நாங்கள் நல்ல ஜோடிதான். சண்டை கிடையாது. அவர் சைக்கிளில் போனார், வந்தார். நான் டைப் அடித்தேன். எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் இரண்டு வருஷம் போனோம். படகுத்துறையில் டிக்கெட் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, போய் வருவோம். ஒரு தடவை கரு நின்றதுபோல இருந்து, அதுவும் போயிற்று. பிறகு நாங்களாகவே போவதை நிறுத்திவிட்டோம். நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை போகவில்லை, அடுத்த செவ்வாயும் போகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அவர் கம்பெனியில் ஸ்கூட்டர் வாங்க லோன் கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு ஃபாரத்தையும், இரண்டு ஸ்கூட்டர்களின் விளம்பரத் தாள்களையும் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினார். சொட்டைத் தலையை ஒரு முறை தடவிக்கொண்டு, "பாலத்துல ஏறும்போது முட்டி வலிக்குது. ரெண்டுல எது செலவு குறைவா இருக்கும்னு நீயே பாத்துச் சொல்லு, நீதான் அதெல்லாம் பாப்பே" என்றார்.

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு எனக்குத் தெரியும்" என்றேன்.

"எது?"

"மூணாறுக்குப் போறப்ப. நாள் தள்ளியிருந்தது. எனக்குத் தெரியும். சொன்னா போகமாட்டீங்கன்னு சொல்லல."

அவர் தாள்களை அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்கும் தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ எப்பவும் ரெண்டு கையாலயும் பிடிப்பே. அன்னைக்கு ஒரு கைதான் என் தோள்ல இருந்தது. இன்னொரு கை எங்கேன்னு கண்ணாடியில பாத்தேன். வயித்துமேல வச்சிருந்தே. கோதமங்கலத்துலேருந்து அப்படியேதான் வந்தே. அதான் பாலத்துல நிறுத்தி, திரும்பிடலாமான்னு கேட்டேன்."

"தெரிஞ்சா ஏன் நேரா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ வேண்டாம்னே, மேல போகணும்னே." தாள்களின் விளிம்பைச் சேர்த்துச் சேர்த்துத் தட்டினார். "உனக்கு அது வேண்டாமோன்னு நினைச்சுட்டேன்."

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்திருப்பார்கள். வேண்டாமா, எனக்கா வேண்டாம், எனக்கா வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக மட்டும் ஞாபகம். ஆறு வருஷம் இந்த மனிதர் என் பக்கத்தில் படுத்து, என் மனைவி பிள்ளையை வேண்டாமென்று மலையில் ஏற்றிக் கலைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நினைத்துக்கொண்டே எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருக்கிறார். டாக்டரிடம் கூட வந்திருக்கிறார்.

"அப்ப வண்டியை எதுக்கு வித்தீங்க? நான் வாங்கின வண்டின்னுதானே?"

அவருக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நீ குளிக்கப் போகணும்னா நடையில அதை ஒட்டித்தானே போகணும். உன் சேலை அதுல படும். தினம் படும். அதான்" என்றார்.

பிறகு அவர் அழுதார். நாற்காலியில் உட்கார்ந்து, அந்த விளம்பரத் தாள்களை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. போய்த் தொடவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தொட்டேன். ஆனால் உடனே தொடவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறைத்து எழுத விரும்பவில்லை. அவர் அப்படி என்னை நினைத்ததற்கு எனக்குக் கோபமாக இருந்தது. நான் அவரை நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. எங்களுக்கு அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை என்ற பேச்சுக்கு வயசும் தெம்பும் போய்விட்டிருந்தன. லோன் ஃபாரம் கொடுக்கிற கடைசித் தேதி வந்து போயிற்று. முட்டிவலிக்கு அவர் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். சாயங்காலம் சில நாள் நான் ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பேன். அவர் இறங்கியதும் இருவரும் சேர்ந்து நடப்போம். பேச ஒன்றும் இருக்காது. அன்றைக்கு எத்தனை பெட்டி வந்தது என்று சொல்வார், எந்த ஊருக்குக் கடிதம் போனது என்று நான் சொல்வேன்.

அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. நெஞ்சு வலி, ஒரே நாளில். அந்தக் குழந்தைக்காக நான் அழுதது உண்டு, அழுது தீர்ந்ததும் உண்டு. தீராமல் இருப்பது அந்த ஆறு வருஷம்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என்னையும் அவர் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.